அதிர்ஷ்டத்துக்குத் துக்கம் விசாரித்தவர்

அவர் துக்கம் விசாரிக்கப் போகும் வீடுகளில் யாரும் செத்திருக்க மாட்டார்கள். கேரளா லாட்டரியில் பரிசு விழுந்திருக்கும். அல்லது நாலு வழிச் சாலைக்கு நிலத்தை எடுத்துக்கொண்டு அரசாங்கம் பெரிய தொகை கொடுத்திருக்கும். ஊரே அந்த வீட்டுக்குப் போய்ப் பல்லைக் காட்டிவிட்டு வரும்போது, இவர் மட்டும் வெள்ளை வேட்டி கட்டி, சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டு, ஒரு பெரிய ஃப்ளாஸ்க் நிறைய டீயோடு போவார். எழவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்பதால் அக்கம்பக்கத்தார் காபி, டீ கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதைத்தான் அவர் பணம் வந்த வீட்டில் செய்தார்.

உள்ளே போய் உட்கார்ந்து, டம்ளரில் ஊற்றி, வீட்டுக்காரர் கையில் கொடுப்பார். "குடிங்க. மனச விட்டுராதீங்க" என்பார். அப்புறம் பேச்சே இருக்காது. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, சட்டென்று எழுந்து, "போயிட்டு வாரேன்" என்று சொல்லாமலே நடையைக் கட்டுவார். எழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது அல்லவா, அந்த முறையிலும் அவர் குறை வைப்பதில்லை. கொண்டுபோன டீயில் தான் ஒரு வாய் குடிக்கவும் மாட்டார்.

முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு இது கிண்டலா கிறுக்கா என்று விளங்காது. எனக்கே விளங்க வெகுநாள் ஆயிற்று. அதற்குள் எத்தனையோ வீட்டில் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

திண்டுக்கல் பக்கம் சாணார்பட்டிக்குக் கொஞ்சம் தள்ளி அவருக்கு ஒரு சின்ன மில் இருந்தது. பெரிய மில்களிலிருந்து ஒற்றை இழை நூலை வாங்கி, இரண்டு மூன்று இழையாகச் சேர்த்து முறுக்கித் தையல் நூலாக்கித் திருப்பூருக்கு அனுப்புவது தொழில். நான் அங்கே எலக்ட்ரீஷியன். சுற்றுப்பட்டி கிராமத்துப் பெண்கள்தான் மிஷினில் வேலை. முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. முன்னாளில் மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர். அதனால் எல்லோருக்கும் மாஸ்டர்.

அந்த நாட்டின் பெயரை அவர் வாயால் நான் கேட்டதேயில்லை. "அந்த ஊரு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். காதலித்து வேறு இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்ட பெண்ணின் பெயரைச் சில ஆண்கள் இப்படித்தான் சொல்லாமல் தவிர்ப்பார்கள். காலையில் மிஷினைப் போட்டதும் அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ ஒரு வார்த்தை சொல்வார். என்ன மாஸ்டர் அது என்று கேட்டால், "எந்திரிச்சுட்டியான்னு கேக்குறேன்" என்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. யார் சட்டையைப் பார்த்தாலும் அதன் தையலைத்தான் பார்ப்பார். பிசிறாகத் தொங்கும் நூலைக் கேட்காமலே பிடுங்கி, விரலில் சுற்றி, காதுக்குப் பக்கத்தில் வைத்துப் பட்டென்று அறுப்பார். அறுகிற சத்தத்தில் நூலின் தரம் தெரியுமாம். ஒரு கல்யாணத்தில் மணமேடை ஏறி மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையின் கோட்டுக் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை காத்துக்கொண்டிருந்தது. "சீன நூலு" என்று என்னிடம் வந்து சொன்னபோது, மாப்பிள்ளைக்கு வியாதி என்று கண்டுபிடித்த டாக்டர் போல அவர் முகம் இருந்தது.

அந்த ஊரில் நடந்ததை அவர் முழுசாக ஒரே மூச்சில் சொன்னதில்லை. கரண்டு போய் மிஷின்கள் நிற்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார். நான் கோர்த்துக்கொண்டது இதுதான். அந்த மில்லில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக சைக்கிள் வேண்டும். அங்கே அச்சடிக்கும் துணியைக் கட்டாமல் அந்தப் பக்கம் கல்யாணமே நடக்காது. அந்த நேரத்தில் கடற்கரைப் பக்கம் பூமிக்குள்ளிருந்து எண்ணெய் எடுத்தார்கள்.

"மொதல்ல எங்களுக்கும் சந்தோசந்தான்" என்பார். "ஊரெல்லாம் காசு. துணி ரெண்டு மடங்கு விக்கப்போகுதுன்னு மில்லுல விருந்து வச்சாங்க. நானும் ஒரு வெட்டு வெட்டுனேன். அப்புறம்தான் பாத்தா, எண்ணெயில வந்த காசால அந்த ஊரு நோட்டுக்கு மதிப்பு ஏறிப்போச்சு. வெளிநாட்டுத் துணி கப்பல் கப்பலா வந்து எறங்குது. எங்க துணிய விட வெல கம்மி. கையில காசு உள்ளவன் எதுக்குய்யா எங்க துணிய வாங்குவான்? வேலைக்கு இருந்த ஆளெல்லாம் தொறமுகத்துக்கும் எண்ணெய்க் கம்பெனிக்கும் ஓடிட்டான். அங்க கூலி அம்புட்டு. எங்களால குடுக்க முடியல. மில்ல மூடிட்டோம்."

பாண்டியம்மாள் அப்போது குறுக்கே வருவாள். மில்லிலேயே கெட்டிக்காரி அவள். சுற்றுகிற கதிரை முழங்காலால் அழுத்தி நிறுத்தி, அறுந்த இழையைக் கண்ணிமைக்கும் முன் முடிச்சுப் போட்டுவிடுவாள். வாயும் அதே வேகம். "எண்ணெ வந்தா தலைக்குத் தேச்சுக் குளிக்க வேண்டியதுதான மாஸ்டர்? அதுக்கு ஏன் மில்ல மூடணும்?"

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டுக் கடைசிப் பகுதியை மெதுவாகச் சொல்வார். "ஒருநா எண்ணெ வெல விழுந்துபோச்சு. ஓடுனவனெல்லாம் திரும்பி வந்தான். மில்லு வாசல்ல வந்து நின்னாங்க. சாவி ஏங்கிட்டதான் இருந்துச்சு. தொறந்து காட்டுறதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல. எண்ணெ வந்துச்சு, நூலு போச்சு. அம்புட்டுதான்."

இதைக் கேட்ட பிறகுதான் ஃப்ளாஸ்க்குக்கு அர்த்தம் புரிந்தது. உழைக்காமல் வருகிற காசு எந்த வீட்டுக்கு வந்தாலும், அந்த வீட்டில் உழைக்கிற ஏதோ ஒன்று செத்துப்போகும் என்று அவர் நிஜமாகவே நம்பினார். பைபாஸ் ஓரம் நிலம் விற்ற ஒருவர் தன் கயிறு திரிக்கும் கம்பெனியை மறுமாதமே மூடிவிட்டு வட்டிக்கு விட ஆரம்பித்தார். "பாத்தியா" என்றார் மாஸ்டர். அந்த மனிதர் பிறகு நன்றாகத்தான் இருந்தார், கார் வாங்கினார். அதைச் சொன்னால் அவருக்குக் காது கேட்காது.

என் வீட்டுக்கும் வந்தார். மாமனார் செம்பட்டிப் பக்கம் இருந்த மானாவாரிக் காட்டை விற்று என் மனைவிக்குப் பங்கு கொடுத்திருந்த சமயம். வெள்ளை வேட்டி, ஃப்ளாஸ்க். என் மனைவிக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "நல்லது நடந்த வீட்டுக்கு வாய்க்கரிசி போடவா வந்திருக்காரு?" என்று அடுக்களையில் பாத்திரத்தை உருட்டினாள். அவர் அசையவில்லை. டம்ளரை நீட்டினார். மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு அவள் சொன்னாள்: "சீனி பத்தல."

அவர் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார். மறுநாள் மில்லில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நெசமாவே பத்தலையா?" என்று கேட்டார். அவர் வீட்டம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. அந்த வீட்டில் எந்த டீயும் அப்படித்தான் இருக்கும் என்று, கடை டீ மட்டுமே குடிக்கும் அவருக்கே தெரியாது.

மில்லுக்குப் பின்னால் அவருடைய அப்பா வழிச் சொத்தாக ஒரு கரடு, அதாவது சின்ன மொட்டைக் குன்று, இருந்தது. பாறையும் கள்ளியும் தவிர ஒன்றும் கிடையாது. ஆடு மேய்க்கிறவர்கள் மதியத்தில் படுத்து எழுவார்கள். நாலு வழிச் சாலை வேலை தொடங்கியதும் ஜல்லிக்குப் பறந்தார்கள். கரடு இருந்த பக்கமெல்லாம் கல்லை உடைத்து ஜல்லியாக்கும் க்ரஷர் முளைத்தது. மாஸ்டரிடமும் ஒரு க்ரஷர்காரர் வந்தார். முதல் தடவை டீ கொடுத்து அனுப்பினார். அடுத்த தடவை டீயும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் திருப்பூரில் நூல் வாங்குகிறவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். நூலில் முடிச்சு அதிகம், வேகமான தையல் மிஷினில் அறுகிறது, முடிச்சில்லாத நூல் தர முடியாவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து வேண்டாம் என்றார். அதற்குப் புது மிஷின் வேண்டும். பேங்கில் மாஸ்டரை நடையாய் நடக்கவைத்துவிட்டுக் கையை விரித்தார்கள். மில் நின்றால் இத்தனை பெண்களும் எங்கே போவார்கள் என்பதுதான் அவர் பேச்சாக இருந்தது. சாப்பாடு இறங்காமல் ஆளே வாடிவிட்டார்.

ஒரு மதியம் கரண்டு போயிருந்தது. கரடு தெரியும் சன்னலோரம் நின்றுகொண்டு சொன்னார்: "கரட்டக் குத்தகைக்குக் குடுத்துரலாம்னு இருக்கேன்பா."

"நீங்களா மாஸ்டர் பேசுறது?"

"அந்த ஊர்ல எண்ணெக் காச தின்னாங்க. நான் திங்கப்போறதில்ல. வீட்டுக்குள்ள ஒத்தப் பைசா போகாது. அம்புட்டும் மிஷினுக்கு. காசு எங்கருந்து வந்தா என்ன, எங்க போகுதுன்னுல பாக்கணும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இன்றைக்கு யோசித்தாலும் அந்தப் பேச்சில் ஓட்டை எங்கே என்று சட்டென்று சொல்ல வராது. அத்தனை வருடமாக ஊருக்கெல்லாம் எச்சரிக்கை சொன்ன மனிதர், தன் விஷயத்தில் மட்டும் காசைக் கட்டிப்போட்டு வேலை வாங்கிவிடலாம் என்று நம்பினார். மில்லைக் காப்பாற்றத்தானே செய்தார். அதை நினைக்கும்போதுதான் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தான அன்று சாயங்காலம், பாண்டியம்மாள் தலைமையில் மில் பெண்கள் எல்லோரும் அவர் வீட்டுக்கு வந்தார்கள். பாண்டியம்மாள் கையில் ஒரு ஃப்ளாஸ்க். யாரிடமோ இரவல் வாங்கியது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். அவள் டம்ளரில் ஊற்றி அவர் கையில் கொடுத்து, "குடிங்க மாஸ்டர். மனச விட்டுராதீங்க" என்று அவர் குரலிலேயே சொன்னாள். அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது. மாஸ்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். போகும்போதும் ஒருத்தியும் சொல்லிக்கொள்ளவில்லை. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு குபுகுபுவென்று வெளியே ஓடினார்கள். அவர் டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டதை நான் பார்த்தேன்.

குத்தகை முன்பணத்தில் புது மிஷின் வந்தது. எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்து, ஓட்டிக்காட்டினோம். மாஸ்டர் முதல் நூலைக் காதருகே வைத்து அறுத்துப் பார்த்துவிட்டு அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ சொன்னார். அதே வாரம் கரட்டில் முதல் வெடி வைத்தார்கள். சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. வெள்ளைப் புழுதி வந்து நூல் கண்டுகளின் மேல் படிந்தது. துணி போட்டு மூடினோம். புழுதியை மூட முடிந்தது.

ஆட்கள் போவதைத்தான் மூட முடியவில்லை. மூட்டை ஏற்றுகிற இரண்டு பையன்களும் டிப்பர் ஓட்டப் போனார்கள். பெண்களின் புருஷன்மார்கள் க்ரஷருக்குப் போய்க் கை நிறையக் கொண்டுவந்ததும், "மில்லுக்குப் போயி எதுக்கு நிக்கிற" என்று வீட்டில் பேச்சு வந்தது. க்ரஷர் ஆட்களுக்கு டீக்கடை வேண்டும், சாப்பாடு வேண்டும், துணி துவைக்க ஆள் வேண்டும். எல்லாவற்றிலும் மில்லைவிடக் கூலி அதிகம். பாண்டியம்மாள் கரட்டுக்கு எதிரே கீற்றுக் கொட்டகை போட்டு மெஸ் திறப்பதாக வந்து நின்றாள். அன்றைக்கு அவள் வாயில் கேலி இல்லை.

"கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். இங்க நின்னு வேகுறதும் அடுப்புல வேகுறதும் ஒண்ணுதான். அங்க நாலு காசு மிஞ்சும். புள்ளய படிக்க வைக்கணும்ல."

"நான் என்னத்தா கோவிக்கப்போறேன்" என்றார். "வெஞ்சனம் நல்லா வையி. சாப்புட வாரேன்."

சொன்னபடி தினமும் மதியம் அங்கே போய்ச் சாப்பிட்டார். தன் மில்லின் கெட்டிக்காரி க்ரஷர்காரர்களுக்குப் பரிமாறுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

கூலியைக் கூட்டினார். க்ரஷரில் இன்னும் கூட்டினார்கள். எங்கள் நூலுக்கு விலை சொல்வது திருப்பூர், எங்கள் ஆட்களுக்குக் கூலி சொல்வது கரடு. இரண்டுக்கும் நடுவில் அவர் மாட்டிக்கொண்டார். நூல் விலையை ஏற்றினால் திருப்பூர்க்காரர் வெளிநாட்டு நூலை எடுத்துக் காட்டினார். அது இன்னும் மலிவு. நிலக்கோட்டைப் பக்கம் போய் ஆள் தேடினோம். அங்கே பெண்கள் விடியலில் தோட்டத்தில் பூப்பறித்துவிட்டு வந்தால் மதியத்துக்கு மேல் மிஷினில் நிற்க அவர்களால் முடியவில்லை. கடைசியில் மாஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? கரட்டிலிருந்து மாதாமாதம் வந்த பணத்தை எடுத்துக் கூலியாகக் கொடுத்தார். கரட்டுக் காசை வைத்துக் கரட்டோடேயே போட்டி போட்டார். ஜெயிக்கிற போட்டியா அது?

மில் நின்றது. புது மிஷின் போர்வை போர்த்திய மாதிரி துணி மூடிக் கிடந்தது. பிறகு கோயம்புத்தூர்க்காரர்கள் வந்து அதைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். பழைய மிஷின்கள் எடைக்குப் போயின. நான் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு மாஸ்டர் எந்த வீட்டுக்கும் ஃப்ளாஸ்க்கோடு போனதாகக் கேள்விப்படவில்லை. ஊரில் அப்போது பணம் வராத வீடே இல்லை. எத்தனை வீட்டுக்குத்தான் போவார்.

சாலை வேலை முடிந்தது. கரடு இருந்த இடம் பள்ளமாகி, ஊற்று கண்டு, பச்சைத் தண்ணீர் நின்றது. க்ரஷரை நட்டு கழற்றி வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். டிப்பர்களும் பின்னாலேயே போயின. பாண்டியம்மாளின் கொட்டகையில் உலை வைத்தால் சாப்பிட ஆள் இல்லை.

அந்தச் சமயத்தில் ஒருநாள் மாஸ்டர் போன் பண்ணி, மில் சுவரில் மிச்சமிருக்கும் சுவிட்ச் போர்டையும் வயர்களையும் கழற்றித் தரச் சொன்னார். காலையிலேயே போனேன். நான் ஏணியைச் சாத்தும்போது வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. பாண்டியம்மாள் முன்னால் நின்றாள், பின்னால் பழைய ஆட்கள் எல்லோரும். கையில் தூக்குச் சட்டி. என் பைக் மில் வாசலில் நிற்பதைப் பார்த்து யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"கரண்டுக்கார அண்ணன் வந்திருக்காகளாம்ல மாஸ்டர்" என்றாள். "மறுபடி மில்ல ஓட்டப்போறீங்களா? பழைய கூலியே போதும். கூடக் கேக்க மாட்டோம்."

மாஸ்டர் சாவிக்கொத்தோடு நின்றார். அப்புறம் ஷட்டரைக் கடைசி வரை தூக்கிவிட்டார். உள்ளே தரையில் மிஷின்கள் நின்ற இடங்களில் எண்ணெய்க் கறையும், போல்ட் அறுத்த துளைகளும் இருந்தன. பெண்கள் உள்ளே போய் அவரவர் இடத்தில் நின்று பார்த்தார்கள். மிஷின் இல்லாமலே அவர்களுக்கு இடம் தெரிந்தது. பாண்டியம்மாளின் வலது முழங்கால் தன்னை அறியாமல் லேசாக முன்னால் மடங்கி, அழுத்த ஒன்றும் இல்லாமல் திரும்பியது.

மாஸ்டர், மில்லை ஒட்டியிருந்த தன் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டம்மா அந்தப் பெரிய ஃப்ளாஸ்க்கைக் கொண்டுவந்து வைத்தார். அவரே ஒவ்வொருத்திக்கும் ஊற்றிக் கொடுத்தார். யாரும் கேலி பேசவில்லை. "குடிங்க" என்றார். அடுத்த வார்த்தையை நான் எதிர்பார்த்தேன். அவர் ஃப்ளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

பாண்டியம்மாள்தான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "மனச விட்டுராதீங்க மாஸ்டர்."

அப்புறம் எழுந்தார்கள். தூக்குச் சட்டிகளை எடுத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்கள். பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போகும் பாதையில் அவர்கள் மறையும் வரை அவர் வாசலிலேயே நின்றார்.

"ஒருத்தியாவது போயிட்டு வாரேன்னு சொல்லுவான்னு பாத்தேன்பா" என்றார்.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் படியில் உட்கார்ந்து, ஃப்ளாஸ்க்கில் மிச்சமிருந்ததை டம்ளரில் வடித்து, முதல்முறையாகத் தானே குடித்தார்.

"ஒன் வீட்டுக்காரம்மா அன்னைக்குச் சொன்னது நெசந்தான்" என்றார். "சீனி பத்தல."